பழைய ரேடியோவின் ஏரியல்: ஒடிந்தால் எது போகிறது, எப்படிச் சரியாகிறது

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல் ஒடிந்துவிட்டால், "இனி இது தேறாது" என்று ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் நிறைய. வேறு சிலரோ, "ஏரியலுக்கு என்ன, ஒரு துண்டுக் கம்பியைச் செருகினால் போதும்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் பேச்சை நம்பி, நன்றாகப் பாடக்கூடிய ரேடியோக்கள் பழைய இரும்போடு போய்ச் சேர்ந்திருக்கின்றன. இரண்டாவதை நம்பியவர்களின் ரேடியோவில் பசையும் ஈயமும் அப்பிக் கிடக்கின்றன, அப்புறமும் சத்தம் இரைச்சலாகவே வருகிறது.

ஏரியல் என்ன வேலை செய்கிறது, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் இந்தப் பழுது பயமுறுத்தாது. எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

## கம்பி எப்படி அலையைப் பிடிக்கிறது

உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஓரளவு தாராளமாக நகரும். ரேடியோ அலை ஒரு கம்பியைக் கடந்து போகும்போது அந்த எலக்ட்ரான்களை மேலும் கீழும் தள்ளுகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் பண்பலை நிலையம் என்றால், விநாடிக்கு 10 கோடி முறை இந்த அசைவு நடக்கும். அதனால் கம்பியின் அடிமுனையில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. பலவீனமான நிலையத்துக்கு அது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பங்குகள்தான். மீதி வேலையெல்லாம் ரேடியோவின் சர்க்யூட் பார்த்துக்கொள்ளும்.

சரி, கம்பியின் நீளம் ஏன் முக்கியம்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் அதன் சங்கிலி நீளத்தைப் பொறுத்து ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் லேசாகத் தள்ளினாலும் உயரமாக ஆடும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு தள்ளினாலும் எழாது. கம்பியும் அப்படித்தான். அதன் நீளத்துக்கு ஒத்த வேகத்தில் அலை தள்ளும்போது எலக்ட்ரான்களின் ஆட்டம் பெரிதாகிறது. ஒத்துப்போகாதபோது ஆட்டம் நின்றுவிடுவதில்லை, சிறியதாகிவிடுகிறது.

எந்த நீளம் ஒத்துப்போகும் என்று கண்டுபிடிக்க அலைநீளம் தெரிய வேண்டும். ஒரு முழு அதிர்வு முடிவதற்குள் அலை கடந்துவிடும் தூரமே அலைநீளம். ரேடியோ அலை விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3 மீட்டர். கையடக்க ரேடியோவில் நிற்கும் கம்பி அதில் கால் பங்கு இருந்தால் நன்றாக ஒத்துப்போகும். கால் பங்கு என்பது 75 சென்டிமீட்டர். பல பழைய ரேடியோக்களின் ஏரியலை முழுதாக இழுத்து அளந்து பாருங்கள், அந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கம்பி ஆட்டத்தின் ஒரு பாதி மட்டுமே. சர்க்யூட்டின் உலோகப் பரப்பு, பேட்டரி, ரேடியோவைப் பிடித்திருக்கும் உங்கள் கை எல்லாம் சேர்ந்து மறுபாதி. ரேடியோவைத் தொட்டால் நிலையம் தெளிவதும் கையை எடுத்தால் இரைவதும் இதனால்தான். அதைப் பழுது என்று நினைத்து ரேடியோவைப் பிரித்துவிடாதீர்கள்.

சிற்றலைக்கு, அதாவது ஷார்ட்வேவுக்கு, வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. பழைய ரேடியோவின் டயலில் 49, 31, 25 என்று எண்கள் அச்சாகியிருக்கும். அவையும் மீட்டரில் சொன்ன அலைநீளங்களே. 49 மீட்டருக்குக் கால் பங்கு 12 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளக் கம்பியை யாரும் கையில் தூக்கிப் போக முடியாது. ஆகவே சிற்றலையைப் பொறுத்தவரை ரேடியோவின் ஏரியல் எப்போதுமே குட்டைதான், ஒவ்வொரு சாண் கூடுதல் நீளமும் பலன் தரும். ஒடிந்து பாதியாய்ப்போன ஏரியலின் குறை முதலில் தெரிவது சிற்றலையிலும், தொலைவிலுள்ள பண்பலை நிலையங்களிலும்தான். பக்கத்தில் இருக்கும் பலமான நிலையம் ஒரு விரல் நீளக் கம்பியிலும் வந்துவிடும். "எதைச் செருகினாலும் எடுக்கும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது.

## மத்திய அலைக்கு வேறு ஏரியல்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. மத்திய அலையில், அதாவது மீடியம் வேவில், 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தின் அலைநீளம் 300 மீட்டர். வெளியே நீட்டும் முக்கால் மீட்டர் கம்பி அதற்குப் போதவே போதாது. ஆகவே பெரும்பாலான கையடக்க ரேடியோக்களில் மத்திய அலைக்கென்று உள்ளே தனி ஏரியல் இருக்கிறது. கருப்பு நிறத்தில், உருண்டையாகவோ பட்டையாகவோ ஒரு தண்டு, அதன்மேல் தலைமுடி போன்ற மெல்லிய கம்பியால் சுற்றிய சுருள், அதாவது காயில். அந்தத் தண்டின் பொருள் ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டெடுத்த பீங்கான் வகை அது. ரேடியோ அலையின் காந்தப் பகுதியைத் தன்னுள் இழுத்துச் செறிவாக்கிக் காயிலுக்குத் தருகிறது.

1954-இல் விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவான ரீஜென்சி டிஆர்-1-இல் வெளியே நீட்டும் ஏரியலே கிடையாது. அது மத்திய அலை மட்டும் எடுத்த ரேடியோ, உள்ளிருந்த ஃபெரைட் தண்டே அதற்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே முதல் சோதனை மிக எளிது. பேண்டு சுவிட்சை மத்திய அலைக்கு மாற்றுங்கள். நிலையங்கள் வழக்கம்போல் வந்து, பண்பலையும் சிற்றலையும் மட்டும் இரைந்தால் குறை வெளி ஏரியல் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். மத்திய அலையும் சேர்ந்து செத்துக் கிடந்தால் ஒடிந்த கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. பேட்டரிப் பெட்டியின் துரு, சுவிட்ச், ஸ்பீக்கர் என்று வேறு இடங்களைப் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நீளும் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும், உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு மத்திய அலைக்கு. கம்பி குட்டையானால் சத்தம் முழுதாகப் போய்விடாது, எட்டத்து நிலையங்கள் மங்கும்.

## பளபளக்கும் குழலுக்குள்

இனி அந்த ஏரியலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் பித்தளைக் குழல்கள், மேலே குரோமியப் பூச்சு. ஒவ்வொரு குழலின் மேல்வாயும் உள்பக்கமாகக் கொஞ்சம் மடிந்திருக்கும். அதற்குள் போகும் அடுத்த குழலின் அடிவாய் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விரிந்திருக்கும். இழுக்கும்போது விரிந்த அடி மடிந்த வாயில் தட்டி நிற்கிறது, கையோடு வந்துவிடுவதில்லை.

அது மட்டும் இருந்தால் குழல்கள் லொடலொடவென்று ஆடும், நிமிர்த்திய உடனே சரிந்து உள்ளே விழும். அதைத் தடுப்பது வெளியே தெரியாத ஒரு சின்னப் பொருள். ஒவ்வொரு மூட்டிலும், இரண்டு குழல்களுக்கும் நடுவில், மெல்லிய பித்தளை அல்லது வெண்கலத் தகடுகள் வளைந்து உட்கார்ந்திருக்கும். நகத்துண்டு போல மெல்லியவை, ஆனால் ஸ்பிரிங் போல விறைப்பானவை. அவை உள்குழலையும் வெளிக்குழலையும் ஒருசேர அழுத்திக்கொண்டிருக்கின்றன. இந்த அழுத்தத்துக்கு இரண்டு வேலை. குழலை வைத்த இடத்தில் நிறுத்துவது ஒன்று. ஒரு குழலிலிருந்து அடுத்த குழலுக்கு மின்சாரத்தைக் கடத்துவது இன்னொன்று.

ஏரியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்று நான் நினைக்கிறேன். அது வெறும் கம்பி கிடையாது, வரிசையாகக் கோத்த பல மின் தொடர்புகள். தகடு தேய்ந்தால் கம்பி சரியும், கூடவே நிலையமும் கரகரக்கும். இரண்டும் தனித்தனிக் கோளாறு போலத் தோன்றும், காரணம் ஒன்றுதான்.

அடிப்பகுதிக்கு வருவோம். அங்கே ஒரு முழங்கை மூட்டு. கவட்டை போன்ற இரண்டு காதுகள், அவற்றுக்கு நடுவில் தட்டையான ஒரு நாக்கு, மூன்றையும் துளைத்துப் போகும் ஒரு ஸ்க்ரூ அல்லது ரிவெட். ஏரியலைச் சாய்ப்பது இந்த மூட்டில். அதற்குக் கீழே, ஏரியலைச் சுழற்றுவதற்கான தண்டு. இந்த இரண்டும் உராய்ந்து நிற்பதும் ஸ்பிரிங் வாஷரின் அழுத்தத்தால்தான்.

எல்லாவற்றுக்கும் கீழே, ரேடியோவுக்கு உள்பக்கம், ஏரியலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ. அதன் தலைக்கு அடியில் ஒரு வளையத் தகடு. அதில் பற்றவைத்த ஒயர் சர்க்யூட் போர்டுக்குப் போகிறது. வெளியே பளபளக்கும் முக்கால் மீட்டரும் பிடித்துக் கொடுப்பதெல்லாம் இந்த ஒரு ஒயர் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

சில ரேடியோக்களில் ஏரியல் மேல்மூடியின் பள்ளத்தில் படுத்திருக்கும், பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் அதை எழுப்பிவிடும். சிலவற்றில் நேராக உடலுக்குள் இறங்கும், அடியில் இருக்கும் தடுப்பு உடைந்தால் ஏரியல் முழுதுமாக உள்ளே விழுந்துவிடும். எந்த வகையானாலும் நகரும் உலோகத்துக்கும் நகராத ஒயருக்கும் நடுவில் அழுத்தமான ஒரு தொடுகை இருந்தாக வேண்டும். பழுது பார்க்கும்போது தேட வேண்டியது அந்தத் தொடுகையைத்தான்.

## குறை எங்கே என்று கண்டுபிடிப்பது

மூடியைத் திறக்கும் முன் பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். மின்சாரத்திலும் ஓடும் ரேடியோ என்றால் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

திறப்பதற்கு முன்பே, பேட்டரி உள்ளே இருக்கும்போதே, ஒரு சோதனை செய்யலாம். 75 சென்டிமீட்டர் ஒயரின் ஒரு முனையை உரித்து ஏரியலின் அடிக்குழலில் சுற்றி, மறுமுனையை மேலே தூக்கிப் பிடியுங்கள். பண்பலை தெளிந்தால் அடி மூட்டிலிருந்து உள்ளே எல்லாம் நலம், குறை மேல் குழல்களில். தெளியவில்லை என்றால் குறை மூட்டிலோ, அடி ஸ்க்ரூவிலோ, உள் ஒயரிலோ இருக்கலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லிவிடலாம். மின்தடையை, அதாவது மின்சாரம் போகும் வழியில் இருக்கும் எதிர்ப்பை, அளக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனையை ஏரியலின் நுனியிலும் மற்றதை உள்ளே இருக்கும் வளையத் தகட்டிலும் தொடுங்கள். எண் சுழிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இப்போது ஏரியலை மெல்லச் சாய்த்து, சுழற்றி, ஒவ்வொரு குழலாக இழுத்துத் தள்ளிப் பாருங்கள். எந்த மூட்டை அசைக்கும்போது எண் துள்ளுகிறதோ, அந்த மூட்டுதான். கடைசியாக வளையத் தகட்டிலிருந்து போர்டில் ஒயர் சேரும் புள்ளி வரைக்கும் அளந்துவிடுங்கள். வெளியே ஏரியல் முழுதாக இருந்தும் சத்தம் வராத ரேடியோக்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கடைசித் துண்டைத்தான். ஏரியலைச் சுழற்றிச் சுழற்றி, உறைக்குள்ளேயே ஒயர் அறுந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

## சரிசெய்வது

அடி ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் வளையத் தகட்டைத் துடைத்துவிட்டு இறுக்கினால் முடிந்தது. பழைய ஸ்க்ரூ தொலைந்து வேறொன்று போடுகிறீர்கள் என்றால் நீளத்தைக் கவனியுங்கள். அதிக நீளமான ஸ்க்ரூ மூட்டுக்குள் ஏறி ஏரியலைத் திரும்பவிடாமல் செய்யும். அறுந்த ஒயருக்குப் பதிலாகப் பல இழைகள் முறுக்கிய மென்மையான ஒயரைப் போடுங்கள். ஒற்றை இழை ஒயர் திரும்பத் திரும்ப வளைந்தால் சீக்கிரம் முறிந்துவிடும். ஏரியல் திரும்பும்போது இழுபடாத அளவுக்கு ஒயரில் கொஞ்சம் தொய்வு இருக்கட்டும்.

முழங்கை மூட்டு தளர்ந்து ஏரியல் தலை சாய்ந்து விழுகிறதா? ஸ்க்ரூ இருந்தால் இறுக்கலாம். ரிவெட் என்றால், ஒரு பக்கத்தைக் கனமான இரும்பின்மேல் அணைத்து வைத்து, மறுபக்கத்தைச் சிறு சுத்தியலால் லேசாகத் தட்டினால் அதன் தலை விரிந்து பிடிக்கும். இந்த வேலையை ஏரியலை ரேடியோவிலிருந்து கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பழைய பிளாஸ்டிக் உடல் ஒரு தட்டலுக்கே விரிசல் விடும்.

குழல்கள் கரகரக்கின்றன, ஆனால் பிடிப்பு இருக்கிறது என்றால் அழுக்குதான். துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுக் குழல்களை நன்றாகத் துடைத்து, பத்து இருபது முறை நீட்டிச் சுருக்குங்கள். துணியில் கருப்பாக ஒட்டுவது உலோகத் தூளும் பழைய எண்ணெயும். வழுவழுப்பாகட்டும் என்று கெட்டியான கிரீஸ் தடவாதீர்கள், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத்தாளாலும் தேய்க்கக் கூடாது. குரோமியப் பூச்சு மிக மெல்லியது, அது போனால் பித்தளை கறுக்கத் தொடங்கும்.

தகடுகள் தேய்ந்து குழல் தானாகச் சரிந்தால், வெளிக்குழலின் மேல்வாயைத் துணி சுற்றிய குறடால் சுற்றிலும் மிக லேசாக அழுத்திவிடுவது எளிய வழி. கொஞ்சம் அழுத்துவது, ஓட்டிப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் என்று போக வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் வாய் நீள்வட்டமாகி, உள்குழல் சிக்கிக்கொள்ளும். தகட்டையே மாற்ற வேண்டுமானால் ஏரியலை முழுதாகப் பிரிக்க வேண்டும். குழல்கள் மேல்வழியாக வராது, அடிவழியாகத்தான் வரும். அதற்கு முதலில் நுனிக் குமிழைக் கழற்றி, அடியில் குத்திப் பொருத்தியிருக்கும் கட்டையையும் எடுக்க வேண்டும். மாற்று ஏரியல் கிடைக்காத அரிய ரேடியோவுக்கு இந்தப் பாடு தகும். மற்றபடி புதிதாகப் பழகுகிறவர் இதில் இறங்க வேண்டாம் என்பேன்.

வளைந்த குழலை நிமிர்த்தும்போது ஒரே முறையில், மெதுவாக, வளைவின் இரு பக்கமும் பெருவிரல் வைத்து அழுத்துங்கள். இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்க்கக் கூடாது. பித்தளை வளைய வளையக் கடினமாகும், கடினமானது விரிசல் விடும். குழல் மடிந்து நசுங்கியே போயிருந்தால் நிமிர்ந்தாலும் வழுக்கி ஓடாது.

## ஒடிந்தே போயிருந்தால்

எங்கே ஒடிந்தது என்பதைப் பொறுத்தது. நுனியில் இருக்கும் மெல்லிய துண்டு மட்டும் போயிருந்தால் இழப்பு 10 சென்டிமீட்டர் அளவுதான். பண்பலையில் பெரிய வித்தியாசம் கேட்காது. மீதி முனை கூராக இருந்தால் அரத்தால் மழுக்கி, ஒரு சிறு குமிழ் பொருத்திவிடுங்கள், கண்ணில் குத்தாமல் இருக்கும், குழலும் உள்ளே விழாது.

மூட்டுக்குச் சற்று மேலே, அடிக்குழலில் ஒடிவதுதான் சாதாரணமாக நடப்பது. ஏரியலின் நுனியில் யாராவது தட்டினால், முக்கால் மீட்டர் நெம்புகோலின் பலம் முழுவதும் அந்த ஓர் இடத்தில் விழுகிறது. இதைச் சரிசெய்ய முடியும். அடிக்கட்டையில் சிக்கியிருக்கும் குழல் துண்டை எடுத்துவிட்டு, ஒடிந்த வாயை நேராக அறுத்து அரம் போட்டு, மறுபடி கட்டைமேல் ஏற்றிப் பற்றவைக்க வேண்டும். நீளத்தில் சில மில்லிமீட்டர் குறையும், வரவேற்பில் அது தெரியாது.

பற்றவைப்பதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். குரோமியத்தின்மேல் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் பூச்சை அரத்தால் நீக்கி மஞ்சள் பித்தளை தெரியச் செய்யுங்கள். போர்டு வேலைக்கான சின்ன சாலிடரிங் அயர்ன் இதற்குப் போதாது. பித்தளை சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால் 60 வாட் அல்லது அதற்கு மேல் வேண்டும். பிளாஸ்டிக்கைக் காப்பாற்ற, இதற்கும் ஏரியலைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

உடனடிப் பசை கொண்டு ஒட்டினால் பார்வைக்கு நேராக நிற்கும். ஆனால் பசை மின்சாரத்தைக் கடத்தாது. ஒட்டின இடத்துக்கு மேலே இருக்கும் நீளம் சர்க்யூட்டோடு நல்ல தொடர்பு இல்லாமல் போய்விடும். அதைவிட மோசம், பசை மூட்டுக்குள் கசிந்தால் குழல்கள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

நடுக்குழல் ஒடிந்திருந்தால் நேர்மையான பதில், மாற்றிவிடுங்கள் என்பதே. உள்ளே குச்சி வைத்து இணைத்தால் மேல் குழல்கள் உள்ளே இறங்க இடம் இருக்காது, வெளியே உறை மாட்டினால் அந்தக் குழல் தனக்குக் கீழே இருப்பதற்குள் இறங்காது.

மாற்று ஏரியல் வாங்கும்போது முழுதாக இழுத்த நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மடித்த நீளம் ரேடியோவின் பள்ளத்துக்குள் அடங்க வேண்டும். அடிக்குழலின் விட்டம், சாய்வது மட்டுமா அல்லது சுழலவும் செய்யுமா என்பது, அடி ஸ்க்ரூவின் மரை அளவு, இவை மூன்றும் பொருந்த வேண்டும். பழைய அடிமூட்டு நன்றாக இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். புதுக் குழல்களைப் பழைய மூட்டில் ஏற்றிவிட முடிந்தால் ரேடியோவின் பழைய தோற்றமும் கெடாது.

மொத்தத்தில், ஸ்க்ரூவும் ஒயரும் மூட்டும் வீட்டிலேயே சரியாகும். அடிக்குழல் உடைப்பு கொஞ்சம் பழக்கம் கேட்கும். நடுக்குழல் போனால் மாற்று.

## சரிசெய்த பிறகு எப்படித் திருப்புவது

ஏரியல் நுனியை நிலையம் இருக்கும் திசைக்கு நீட்டிப் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பி தன் நுனி காட்டும் திசையில்தான் மிகக் குறைவாகப் பிடிக்கும், பக்கவாட்டில் வரும் அலையையே நன்றாகப் பிடிக்கும். ஆகவே பண்பலைக்கு முதலில் நேராக நிமிர்த்துங்கள், அப்புறம் மெல்லச் சாய்த்துச் சுழற்றிப் பாருங்கள். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், ரேடியோவை ஓரடி நகர்த்தினாலே மாற்றம் தெரியும்.

மத்திய அலைக்கு ஏரியலைத் திருப்பிப் பலனில்லை, ரேடியோவையே திருப்ப வேண்டும். ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தைப் பார்த்தால் சத்தம் தேயும், பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் பலக்கும்.

சிற்றலைக்கு 3 முதல் 5 மீட்டர் ஒயரை ஏரியலில் சுற்றி ஜன்னல் ஓரமாக ஓட்டினால், அதுவரை கேட்காத நிலையங்கள் மேலே எழும்பி வரும். பலமான நிலையங்கள் டயலில் கண்ட இடத்திலெல்லாம் ஒலிக்கத் தொடங்கினால் ஒயர் அதிகமாகிவிட்டது என்று பொருள், கொஞ்சம் குறையுங்கள். இடி மின்னல் நேரத்தில் அந்த ஒயரை ரேடியோவிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும்.